ஜன்னலைப் பாருங்கள், அப்புறம் பெயர் சொல்லுங்கள்: அட்லஸ் அந்துப்பூச்சியின் இறக்கையை வாசிப்பது எப்படி?

மழை விட்ட ராத்திரி. மலையடிவாரத்து வீட்டுச் சுவரில், விளக்குக்கு ஒரு முழம் தள்ளி, செம்மண் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வௌவாலா, காய்ந்த தேக்கிலையா என்று கிட்டே போனால் பூச்சி. கையகலம் என்று சொல்ல முடியாது. இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அதை மூட முடியும். உடனே யாராவது ஒருவர் "அட்லஸ், உலகத்திலேயே பெரிய அந்துப்பூச்சி" என்பார். இன்னொருவர் இறக்கை நுனியைக் காட்டி "பாம்புத் தலை பாரு" என்பார். படம் எடுத்து அனுப்பியாகிவிடும். கதை அத்தோடு முடிந்தது.

அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளவையும் பாம்புத் தலையையும் வைத்து இந்தப் பூச்சிக்குப் பெயர் சூட்டினால் மூன்றில் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்வீர்கள். நானும் மாட்டியிருக்கிறேன். முதன்முதலாக "அட்லஸ்" என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த படத்தில் இருந்தது டஸ்ஸர் பட்டு தரும் ஆந்தெரியா கூட்டத்துப் பூச்சி. பெரிய பூச்சி, பழுப்பு நிறம், இறக்கையில் கண்ணாடி மாதிரி ஏதோ. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் கண்ணாடி வட்டமாக இருக்கிறதா, முக்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். எல்லோரும் முதலில் பார்க்கும் இறக்கை நுனி கடைசிப் பக்கத்துக்குப் போகிறது. யாரும் பார்க்காத ஜன்னல், அதாவது இறக்கை நடுவில் கண்ணாடி மாதிரித் தெரியும் அந்த இடம், முன்னால் வருகிறது.

முதல் படி: பயத்தை விடுங்கள், தொடாதீர்கள்

இந்தப் பூச்சி கடிக்காது. கடிக்க அதற்கு வாயே இல்லை. இது சாட்டர்னிடே குடும்பம், அதாவது பெரும் பட்டு அந்துப்பூச்சிகளின் குடும்பம். இதில் வளர்ந்த பூச்சிக்கு உறிஞ்சுகுழல் பேருக்குத்தான் உண்டு, சாப்பிட உதவாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டே ஒன்று, இரண்டு வாரம் ஓட்டிவிட்டுச் செத்துப்போகும். இறக்கைத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சின்ன வயதில் பயமுறுத்தியிருப்பார்கள். அந்தத் தூள் விஷமில்லை. அது இறக்கையின் செதில்.

தொடக்கூடாது என்று சொல்வதும் அந்தச் செதிலுக்காகத்தான். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போல, இறக்கை முழுக்க நுண்ணிய செதில்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் நிறம், கோடு, புள்ளி எல்லாம் இந்தச் செதில்களின் நிறம். விரல் பட்டால் அவை உதிரும். உதிர்ந்தது திரும்ப முளைக்காது. அடையாளத்தை அழித்துவிட்டு அப்புறம் அடையாளம் தேடுவதில் என்ன பயன்?

இரண்டாம் படி: நாலு படம்

அலைபேசி போதும். ஆனால் ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதைவிட நாலு கோணத்தில் நாலு படம் மேல்.

முதலாவது, நேர் எதிரே நின்று, நாலு இறக்கையும் முழுசாகத் தெரியும்படி. சாய்வாக எடுத்தால் முக்கோணம் பிறையாகத் தெரியும், பிறை கோடாகத் தெரியும். இரண்டாவது, தலைக்கு அருகே உணர்கொம்பு தெளிவாகத் தெரியும்படி. மூன்றாவது, முன்னிறக்கையின் நுனி. நான்காவது, முடிந்தால் இறக்கையின் அடிப்பக்கம். செடியில் தொங்கும் பூச்சியாக இருந்தால் இது சுலபம், சுவரில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்காமல், பக்கவாட்டில் ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் பகுதி ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து வெள்ளைத் திட்டாக மாறிவிடும். அங்கே என்ன இருக்கிறது என்று அப்புறம் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாது.

அளவு வேண்டுமென்றால், நுனிக்கு நுனி அளப்பதைவிட ஒரு முன்னிறக்கையின் நீளத்தை, தோளிலிருந்து நுனிவரை, அளப்பது நம்பகமானது. பூச்சி இறக்கையை எவ்வளவு விரித்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நுனிக்கு நுனி அளவு மாறும். இறக்கையின் நீளம் மாறாது. அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து ஒரு படம், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: ஜன்னல்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு இறக்கையின் நடுவிலும் ஒரு முக்கோணம் இருக்கும். நாலு இறக்கை, நாலு முக்கோணம். சுற்றிலும் கறுப்பு விளிம்பு கட்டியிருக்கும். சில பூச்சிகளில் முன்னிறக்கையின் பெரிய முக்கோணத்தை ஒட்டி, குறுகலாக இன்னொரு சின்ன ஜன்னலும் இருக்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழம்ப வேண்டாம், அது பூச்சிக்குப் பூச்சி மாறும்.

இந்த முக்கோணத்தை வெள்ளைப் புள்ளி என்று எழுதுபவர்கள் அதிகம். அது வெள்ளையே அல்ல. அங்கே செதில் மூடாததால், அடியிலுள்ள சவ்வு வெறுமையாகத் தெரிகிறது. சவ்வுக்கு நிறம் கிடையாது. சுண்ணாம்புச் சுவரில் உட்கார்ந்தால் முக்கோணம் வெள்ளை. கொய்யா இலை மேல் உட்கார்ந்தால் பச்சை. செங்கல்லில் உட்கார்ந்தால் செங்கல். ஒரே பூச்சி சுவரிலிருந்து பறந்து செடியில் உட்கார்ந்தபோது அதன் நாலு முக்கோணமும் நிறம் மாறியதை ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் ஜென்மத்துக்கும் அதை வெள்ளை என்று எழுத மாட்டீர்கள்.

இந்த ஜன்னலின் வடிவம்தான் அந்தக் குடும்பத்துப் பூச்சிகளைப் பிரிக்கச் சுலபமான திறவுகோல்.

முக்கோணமாக இருந்தால் அட்டாகஸ் பேரினம், நாம் அட்லஸ் என்று கூப்பிடும் கூட்டம். பிறை மாதிரி வளைந்து நீண்டிருந்தால் சமியா பேரினம். எரிப் பட்டு தரும் பூச்சி இதில் ஒன்று. வட்டமாக, சுற்றிலும் வண்ண வளையத்தோடு உருட்டி விழிக்கும் கண் மாதிரி இருந்தால் ஆந்தெரியா, என்னை ஏமாற்றியது. வெளிறிய பச்சை இறக்கை, பின்னால் நீண்ட வால், நடுவில் சிறு கண் புள்ளி என்றால் நிலா அந்துப்பூச்சி. அதை அட்லஸோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், சும்மா பட்டியலுக்காகச் சொன்னேன்.

ஜன்னலே இல்லை, கருத்த பெரிய இறக்கை, முன்னிறக்கையில் மட்டும் ஆந்தைக் கண் போல ஒரு பெரிய சுழி என்றால் அது இந்தக் குடும்பமே இல்லை. எரிபஸ் என்ற வேறு கூட்டம். மழைக்காலத்தில் வீட்டு உத்தரத்திலும் மாடிப்படி மூலையிலும் வந்து ஒண்டிக்கொள்வது பல நேரம் இதுதான்.

வடகிழக்கு இந்தியாவிலும் இமயமலைப் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஆர்க்கியோஅட்டாகஸ் என்ற நெருங்கிய சொந்தக்காரப் பூச்சி உண்டு. அதற்கும் முக்கோண ஜன்னல்தான். ஆனால் இறக்கை கருஞ்சிவப்புக் கலந்த அடர் பழுப்பு, உடம்பில் வெள்ளைப் பட்டை. அட்லஸின் செம்மண் நிறத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

நான்காம் படி: தோளிலிருந்து வெளியே

ஜன்னல் முக்கோணம் என்று உறுதியானதும், இறக்கையை உடம்பை ஒட்டிய இடத்திலிருந்து வெளி விளிம்பு வரை வாசியுங்கள். கோலத்தை நடுப்புள்ளியிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போவது மாதிரி.

உடம்பை ஒட்டி அடர்ந்த செம்பழுப்புத் திட்டு. அதை மூடும் ஒரு வெள்ளைக் கோடு, கறுப்போடு சேர்ந்து வரும். அடுத்து அகலமான நடுப்பகுதி, ஆரஞ்சும் பழுப்பும் கலந்தது. ஜன்னல் இருப்பது இங்கே. அதைத் தாண்டினால் இரண்டாவது கோடு, இதுவும் வெள்ளையும் கறுப்பும். இந்தக் கோட்டுக்கு வெளியே ரோஜா நிறப் பொடி தூவியது போல ஒரு பட்டை. கடைசியாக மஞ்சள் கலந்த பழுப்பு விளிம்பு. அதில் அலை அலையாக ஒரு கருங்கோடு ஓடும். பின்னிறக்கையில் அந்த அலைக்கோட்டுக்கு உள்ளே வரிசையாகத் திட்டுகள்.

பெயர் வைப்பதற்கு மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை, ஜன்னல் போதும். ஆனால் ஒரு காரணத்துக்காக இதைச் செய்யச் சொல்கிறேன். இந்தக் கோடுகளின் இடைவெளி, ரோஜாப் பட்டையின் அடர்த்தி, விளிம்பின் மஞ்சள் எல்லாம் ஒரே இனத்துக்குள்ளேயே கூடும், குறையும். வரிசை மட்டும் மாறாது. இரண்டு பூச்சி நிறத்தில் வேறாக இருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு இரண்டு இனமாக்கிவிடாமல் இருக்க, எது மாறும், எது மாறாது என்று கண்ணுக்குப் பழக்க வேண்டும். பத்துப் படத்தை வைத்துக்கொண்டு இந்த வரிசையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தால் பழகிவிடும்.

ஐந்தாம் படி: இப்போது பாம்பு

முன்னிறக்கையின் நுனி வெளியே நீண்டு, கீழ்நோக்கி வளைந்திருக்கும். மஞ்சளும் ரோஜாவும் கலந்த அந்த நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. கீழே வாய்ப்பிளவு மாதிரி ஒரு கோடு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நாகத்தின் தலை என்று நமக்குத் தோன்றுகிறது. ஹாங்காங் பக்கத்தில் பேசும் காண்டனீஸ் மொழியில் இந்தப் பூச்சிக்குப் பெயரே பாம்புத்தலை அந்துப்பூச்சிதான். தொந்தரவு செய்தால் பூச்சி தரையில் விழுந்து இறக்கையை மெதுவாக அசைக்கும். பாம்பு தலையாட்டுவது போல இருக்கிறது என்பார்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடையாளம் காண இது உதவாது. காரணம் எளிது: பிறை ஜன்னல் உள்ள சமியாவுக்கும் முன்னிறக்கை நுனி நீண்டு, அங்கே கறுப்புக் கண் புள்ளி உண்டு. பாம்புத் தலையை மட்டும் பார்த்தால் சமியாவும் அட்லஸ் ஆகிவிடும்.

நுனியைப் பற்றிப் பாம்புக் கதையைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று இருக்கிறது. இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்குக் காது கிடையாது. வௌவால் எழுப்பும் ஒலி அவற்றுக்குக் கேட்காது. 2021-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டு அந்துப்பூச்சிகள் சிலவற்றின் முன்னிறக்கை நுனி மடிந்தும் நெளிந்தும் இருப்பதைக் கவனித்து, ஒலியைக் கொண்டு சோதித்தார்கள். அந்த மடிப்பு வௌவாலின் ஒலியைப் பலமாக எதிரொலித்தது. அதாவது வௌவாலுக்குப் பூச்சியின் உடம்பைவிட நுனி பெரிதாகக் "கேட்கிறது". அது நுனியைக் கடிக்கும், நுனி கிழியும், பூச்சி தப்பிக்கும். பகலில் வரும் எதிரிக்கு ஓவியம், இருட்டில் வரும் எதிரிக்கு எதிரொலி. அடுத்த தடவை நுனியைப் படமெடுக்கும்போது நிறத்தோடு சேர்த்து அதன் மடிப்பையும் பாருங்கள்.

ஆறாம் படி: ஆணா பெண்ணா, புதிதா பழையதா

உணர்கொம்பு அகலமான கோழியிறகு மாதிரி விரிந்திருந்தால் ஆண். மெலிந்து, ஒடுங்கி இருந்தால் பெண். பெண் கூட்டிலிருந்து வெளியே வந்ததும் அதிக தூரம் போகாது. அருகிலேயே தொங்கிக்கொண்டு ஃபெரமோன் என்னும் வாசனைச் செய்தியைக் காற்றில் விடும். காற்றோடு வரும் அந்தச் செய்தியைப் பிடிக்கத்தான் ஆணுக்கு அவ்வளவு அகலமான கொம்பு.

இறக்கையிலும் தெரியும். ஆணின் முன்னிறக்கை குறுகலாக, நுனி கூடுதலாக வளைந்திருக்கும். பெண்ணுக்கு இறக்கை அகலம், நுனி மழுங்கல், வயிறு முட்டையோடு பருத்திருக்கும். பதிவுகளில் மலைக்க வைக்கும் அளவுகள், 24 சென்டிமீட்டர் என்பதெல்லாம், பெண்ணுடையவை.

வயதைச் சொல்லச் செதிலைப் பாருங்கள். கோடுகள் மை காயாதது போலக் கூர்மையாக, ரோஜாப் பொடி அப்படியே இருந்தால் ஓரிரு நாள் பூச்சி. நிறம் மங்கி, விளிம்பு நார் நாராகக் கிழிந்து, முக்கோணத்தைச் சுற்றிய கறுப்பு விளிம்பும் தேய்ந்திருந்தால் கடைசி நாட்கள். இந்த நிலையில் வேறு இடங்களிலும் செதில் உதிர்ந்து இறக்கை ஒளி ஊடுருவுவதாகத் தெரியும். அதை ஜன்னல் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான ஜன்னலுக்கு ஒழுங்கான விளிம்பு உண்டு, இரண்டு பக்க இறக்கையிலும் ஒரே இடத்தில் இருக்கும்.

கூட்டுக்குப் பக்கத்தில் சுருங்கிய இறக்கையோடு ஒரு பூச்சி தொங்கினால் அது ஊனமில்லை. இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. உடம்பு நீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரித்துக்கொண்டிருக்கிறது. உதவுகிறேன் என்று போய்க் கெடுக்காதீர்கள்.

ஏழாம் படி: இடம்

இனி ஒரு விஷயம். ஜன்னல், கோடு, நுனி எல்லாம் பொருந்திவிட்டது. எழுதலாமா, அட்டாகஸ் அட்லஸ் என்று?

கொஞ்சம் பொறுங்கள். சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட அந்த இனம் இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, தென் சீனா, தைவான், தென்கிழக்கு ஆசியா என்று பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் டாப்ரோபானிஸ். ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் மூர் 1883-இல் விவரித்தது. டாப்ரோபேன் என்பது பழைய கிரேக்கர்கள் இலங்கையை அழைத்த பெயர். பூச்சியின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. முன்பு இதை அட்லஸின் கிளையினமாகச் சேர்த்தார்கள், பின்னர் தனி இனமாகப் பிரித்தார்கள். ஆக, நீலகிரியிலும் குற்றாலத்துப் பக்கத்திலும் ஒரு முக்கோண ஜன்னல்காரரைப் பார்த்து "அட்லஸ்" என்று சொன்னால் பேச்சு வழக்கில் தப்பில்லை, பதிவேட்டில் தப்பு. இரண்டையும் வெறும் கண்ணால் இறக்கையை வைத்துப் பிரிப்பது கடினம். இங்கே இடம்தான் பெரிய சாட்சி. படத்தோடு இடத்தையும் நாளையும் எழுதாவிட்டால் அந்தப் படத்துக்குப் பாதி உயிர் இல்லை.

"உலகத்திலேயே பெரியது" என்பதையும் இதே இடத்தில் சரி செய்துவிடலாம். நுனிக்கு நுனி நீளத்தில் அமெரிக்கக் கண்டத்து வெள்ளைச் சூனியக்காரி அந்துப்பூச்சி முந்தும். இறக்கைப் பரப்பில் நியூகினியா, வட ஆஸ்திரேலியாவின் ஹெர்குலிஸ் அந்துப்பூச்சி போட்டிக்கு வரும். "மிகப் பெரியவற்றில் ஒன்று" என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

எட்டாம் படி: பதிவு, பிறகு விளக்கு

இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி சுமார் 1,300 இனம். அந்துப்பூச்சியோ பத்தாயிரத்துக்கும் மேல். பார்ப்பவர்கள் எண்ணிக்கை நேர் தலைகீழ். அதனால் உங்கள் ஒரு படத்துக்கும் மதிப்பு உண்டு. ஐநேச்சுரலிஸ்ட், மாத்ஸ் ஆஃப் இந்தியா போன்ற தளங்களில் போடலாம். ஜூலை கடைசி வாரத்தில் அந்துப்பூச்சி வாரம் என்று 2012 முதல் பல நாடுகளில் நடக்கிறது. முதல் பதிவுக்கு நல்ல சாக்கு. குறிப்பில் ஜன்னலின் வடிவம், உணர்கொம்பு, முன்னிறக்கை நீளம், உட்கார்ந்திருந்த செடி அல்லது சுவர், நேரம், இதெல்லாம் இருக்கட்டும். சீத்தா, கொய்யா, எலுமிச்சை, இலவங்கம் ஆகியவை புழு தின்னும் செடிகளில் சில. அருகில் இருந்தால் அதையும் எழுதுங்கள். வெள்ளை மெழுகுப் பொடி பூசிய பச்சைப் புழு கண்ணில் படலாம், விரலைவிடப் பருத்தது.

படம் எடுத்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். சாப்பிட முடியாத பூச்சி இது. சேமிப்பில் வாழ்கிறது. விளக்கைச் சுற்றி அது வீணடிக்கும் ஒவ்வொரு ராத்திரியும் துணை தேட மிச்சமிருக்கும் ராத்திரிகளில் ஒன்று குறைகிறது.

விடிந்ததும் அதே விளக்கடியில் ஒரு நடை போய்ப் பாருங்கள். காக்கையும் பல்லியும் உடம்பைத் தின்றுவிட்டு இறக்கையை விட்டுப்போயிருக்கும். தரையில் கிடக்கும் இறக்கையைத் தொடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஓரத்தைப் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கி, சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியால் முக்கோணத்தின் விளிம்பைப் பாருங்கள். செம்பழுப்புச் செதில்கள் வரிசை வரிசையாக வந்து, கறுப்பாகி, திடீரென்று நின்றுவிடும். அதற்கப்புறம் வெறும் சவ்வு. அதன் வழியாக உங்கள் வீட்டு முற்றம் தெரியும்.